தூர்வாருதல்

கன்னங்குறிச்சியில் எங்கள் கிணற்றைச் சுத்தம் செய்ய வந்த பெரியவர் மம்பட்டியைத் தொடவே இல்லை. அடியில் இடுப்பளவு கலங்கல் தண்ணீர். “மொதல்ல பாதாளக் கரண்டியக் கொடு சாமி, உள்ள என்ன கெடக்குன்னு பாத்துருவோம்” என்றார். கொக்கிகள் கொண்ட அந்தக் கரண்டியைக் கயிற்றில் கட்டி வீசி இழுத்தார். துருப்பிடித்த வாளி, உடைந்த உருளை, ஒரு பித்தளைச் செம்பு என ஒவ்வொன்றாக மேலே வந்தன. அதற்குப் பிறகுதான் ஆட்கள் இறங்கிச் சேற்றை வாரினார்கள்.

துறைமுகச் செய்திகளில் தூர்வாருவதை ‘டிரெட்ஜிங்’ என்று எழுதும்போதெல்லாம் அந்தக் கரண்டி என் கண்முன் வரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, ஸ்காட்லாந்து வழக்கில் தொடங்கிக் காணப்படுகிறது. இழுத்தல் என்ற பொருள் கொண்ட சொல்லோடும், கொக்கியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லோடும் அதற்கு உறவு காட்டுவார்கள். கொக்கி போட்டு அடியைத் துழாவி இழுப்பது, நம் பாதாளக் கரண்டியின் வேலைதான்.

தமிழ்ச் சொல் அந்த வேலையை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. ‘தூர்’ என்றால் அடி, வேர்ப்பகுதி. நெல் தூர் கட்டுகிறது என்கிறோமே, அதே தூர். கிணறு, குளத்தின் அடியில் தங்கும் சேற்றுக்கும் அதுவே பெயர். வினையாக வரும்போது தூர்தல் என்றால் நிரம்பி மேடாகிப் போவது; தூர்ந்த கிணறு, தூர்ந்த வாய்க்கால். வாருதல் என்பது அள்ளித் திரட்டி எடுப்பது. ஆகவே நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வேரிலிருந்து சொல் கிடைக்கிறது: தூர்ந்தது, தூர்வாரினோம். இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு ‘டிரெட்ஜிங் பணி’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போர் நடந்த நாட்டில் துறைமுகம் இரண்டு வழியில் கெடுகிறது. ஆற்றுமுகத் துறைமுகத்தை ஓயாமல் தூர்வார வேண்டும். போரில் அந்த வேலை நின்றுவிடும். மூழ்கிய கப்பல்கள் நீரோட்டத்தை மறித்து, தம்மைச் சுற்றி மண்ணைச் சேர்க்கும். 1971 ஆகஸ்டில் வங்கதேச விடுதலைப் போராளிகள் சிட்டகாங்கில் கப்பல்களைத் தகர்த்தார்கள். போர் முடிந்தபோது கர்ணபுலி ஆற்றுமுகத்தில் கண்ணிவெடிகளும் கப்பல் சிதைவுகளும் கிடந்தன. உணவு தானியம் உட்பட நாட்டுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1972 முதல் 1974 வரை சோவியத் கடற்படையினர் அவற்றை அகற்றினார்கள். அந்தப் பணியின்போது 1973-ல் இறந்த யூரி ரெட்கின் என்ற இளம் மாலுமியின் கல்லறை சிட்டகாங்கின் பதெங்காவில் இருக்கிறது. 1967-ல் மூடப்பட்ட சூயஸ் கால்வாயும் இப்படித் துப்புரவான பிறகுதான் 1975 ஜூன் 5 அன்று திறந்தது.

வரிசை எங்கும் ஒன்றுதான்: முதலில் வெடி, பிறகு சிதைவு, கடைசியில் மண். வெடி இருக்கும் அடியில் தூர்வாரும் கப்பல் வேலை செய்ய முடியாது. எங்கள் கிணற்றுப் பெரியவர் செய்ததும் அதே ஒழுங்குதான்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கையின் காங்கேசன்துறை. 2009-ல் போர் முடிந்த பின், இந்தியாவின் உதவியோடு அங்கே மூழ்கிக் கிடந்த கலங்களை எடுத்து, பிறகு தூர்வாரினார்கள். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் அங்கே போனது. ‘துறை’ ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கடலே இல்லாத நம் சேலம் மாவட்டத்திலும் பண்ணவாடியில் பரிசல்துறை உண்டு, பூலாம்பட்டியில் படகுத்துறை உண்டு. ஆறோ கடலோ, ஏறி இறங்கும் இடம் துறை.

ஓர் எச்சரிக்கை. தூர்வாருதல் என்பது ஏற்கெனவே இருந்த ஆழத்தை மீட்பது. 2017 மே மாதம் மேட்டூர் அணையில் விவசாயிகள் வண்டல் அள்ளிப் போனார்களே, அது தூர்வாருதல். பெரிய கப்பல் வருவதற்காக இதுவரை இல்லாத ஆழத்தைப் புதிதாக வெட்டினால் ‘ஆழப்படுத்துதல்’ அல்லது ‘அகழ்தல்’ என்று எழுதுங்கள். அகழியில் இருப்பதும் அந்த வேர்தான். கப்பல் சிதைவை எடுப்பதற்கு ‘சிதைவகற்றல்’ போதும். அதைத் தூர்வாரலுக்குள் அடக்கினால், வெடிக்கு நடுவே நீரில் இறங்கியவர்களின் வேலை மண் அள்ளிய கணக்கில் காணாமல் போய்விடும்.