பயிரை ஊற வைக்காதீர்கள்

நேற்று வந்த குறுக்கெழுத்துப் புதிரில் ஏழாவது குறிப்பு: ‘முளைகட்டிச் சாப்பிடலாம் (3)’, அதாவது மூன்றெழுத்து. அனுப்பியவர் எழுதியிருந்த விடை: பயிர். வர வேண்டியது பயறு. இந்த மாதத்தில் இது நான்காவது. முதல் மூன்றையும் சத்தமில்லாமல் திருத்திவிட்டேன். நான்காவதற்குப் பொறுமை மிச்சமில்லை, அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாசகர்கள் அனுப்பும் குறுக்கெழுத்துப் புதிர்களைச் சரிபார்ப்பது என் வேலை. உழவுச் சொல் ஒன்றாவது இல்லாத கட்டம் வருவது அபூர்வம். ஏர், மடை, கொழு, நாற்று, வரப்பு என்று எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். மூலையில் மாட்டிக்கொண்டால் கைகொடுப்பவை இவைதான். இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரிலேயே ‘பயிரிடு’ என்று ஒரு குறிப்பு உண்டு. விடை, ‘ஃபார்ம்’.

சரி, பயிருக்கு வருவோம். வயலில் நிற்கிற எல்லாமே பயிர்தான்: நெல், கரும்பு, பருத்தி, வாழை. அது ஒரு செடியின் பெயரும் அல்ல, விதையின் பெயரும் அல்ல. பயறு அப்படியில்லை. பாசிப்பயறு, தட்டைப்பயறு, நரிப்பயறு என்று காய்க்குள் இருக்கும் மணி அது. பயறு ஊறும், முளைவிடும். பயிரை ஊற வைத்தால் அழுகும். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதைச் சொன்னால் உடனே பதில் கடிதம் வருகிறது. ‘எல்லோரும் பச்சைப் பயிர் என்றுதானே சொல்கிறோம்? பொட்டலத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.’ பொட்டலம் அச்சிட்டவர் இலக்கண ஆசிரியர் என்று யார் சொன்னது? இன்னொருவர், ‘பயறு என்பது பயிரின் பழைய வடிவம்’ என்று எனக்கே பாடம் எடுத்தார். அவரிடம் கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: பயற்றங்காயில் அந்த ‘ற்’ எங்கிருந்து வந்தது? பயிரிலிருந்து வந்திருந்தால் அது பயிரங்காய் ஆகியிருக்க வேண்டும். இன்னும் சந்தேகமா? வேளாண் கையேடு எதையாவது புரட்டுங்கள். ‘பயறு வகைப் பயிர்கள்’ என்று தலைப்பே இருக்கும். இரண்டும் ஒன்றென்றால், ஒரே தொடரில் இரண்டு எதற்கு? வேலியே பயிரை மேய்ந்த கதையில் பயற்றை வைத்துப் பாருங்கள், பழமொழி படுத்துவிடும். நடுவில் ‘பயிறு’ என்று எழுதி இரண்டு பக்கமும் கால் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் நான் ஏற்பதில்லை.

பேச்சில் எப்படிச் சொன்னாலும் புரிந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். கட்டத்தில்தான் வினை. பயிர், பயறு இரண்டுக்குமே மூன்று கட்டம். எண்ணிக்கை பொருந்துவதால் தப்பு கண்ணில் படாமல் உட்கார்ந்துகொள்ளும். உமியும் தவிடும் ஒன்றென்று நினைப்பவர்களைக் கட்டமே காப்பாற்றிவிடுகிறது: உமிக்கு இரண்டு, தவிட்டுக்கு மூன்று. (உமி நெல்லின் மேலோடு. அதை நீக்கிய பிறகு அரிசியைத் தீட்டும்போது வருவது தவிடு.) ஆனால் தவிடு, பதர் இரண்டும் மூன்று. அங்கே கவனம்.

எண்ணிக்கையே மாறும் சொற்களும் உண்டு. ‘நன்செய்’ நான்கு, ‘நஞ்சை’ மூன்று. எதை வேண்டுமானாலும் போடுங்கள், குறிப்பில் ‘வழக்கில்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால், ‘விஷத்தை’ என்று புரிந்துகொண்டு ஒருவர் சண்டைக்கு வருவார். வந்திருக்கிறார்.

இதில் என் ஆதங்கம் வேறு. உழவுச் சொற்கள் புதிர் போடுபவருக்குப் புதையல். ‘போர்’ ஒன்றே போதும்: வைக்கோலும் உண்டு, யுத்தமும் உண்டு, தண்ணீருக்குத் துளை போடுவதும் உண்டு, சலிப்பும் உண்டு. ‘சாவி’ பூட்டைத் திறக்கும், மணி பிடிக்காமல் போன கதிருக்கும் அதே பெயர். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது ‘கவலை’. ‘களை’ முகத்திலும் இருக்கும், வயலிலும் இருக்கும். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம். இத்தனை இருக்க, ‘அரிசி விளையும் இடம் (3)’ என்று எழுதி அனுப்புகிறீர்களே! விளைவது நெல் ஐயா.

அனுப்புமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. விடையை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். ‘பயிரை ஊற வைத்தேன்’ என்று சொல்லும்போதே காது முறைக்கும். அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தாதீர்கள். பிறமொழிப் புதிரின் குறிப்பை மொழிபெயர்த்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், வயலில் வேலை செய்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் ஒருமுறை கேளுங்கள். நாற்றங்காலுக்கும் நாற்றத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் சொன்னால் கடுகடுப்பாக இருக்கும்.

நேற்றைய புதிரை என்ன செய்தேன் என்று கேட்டால், பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். பயிரின் ‘ர்’ வழியாக நெடுக்கே ‘மார்கழி’ இறங்கியிருந்தது. பயறு என்று மாற்றினால் அங்கே ‘று’ வரும், மார்கழி உடையும். இரண்டாம் எழுத்து ‘று’ உள்ள நான்கெழுத்துச் சொல் வேண்டும். கால் மணி நேரம் போனது. அப்புறம் பார்த்தால் கண்முன்னேயே இருந்தது: அறுவடை. மார்கழியின் ‘ழி’யில் முடிந்திருந்த ‘விழி’ இப்போது ‘விடை’ ஆனது. அதற்குப் புதுக் குறிப்பு எழுதினேன்: ‘புதிர் போடுபவரின் கையில் இருக்கும் காளை (2)’.