பின்வளவில் நிற்கும் ஸ்ரீ நம்பர் கார்கள்

எங்கள் கராஜின் பின்வளவில் இன்றைக்கு நாலு வாகனங்கள் நிற்கின்றன. இரண்டு மொரிஸ் மைனர், ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஒரு லாண்ட் ரோவர். நாலும் ஸ்ரீ நம்பர், அதாவது நம்பர் தகட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய பதிவு. இதில் இரண்டின் சொந்தக்காரர்கள் நான் போன் எடுத்தால் பதில் சொல்வதில்லை. காசு பாக்கி என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டு பேருமே முற்பணத்தைத் தாராளமாகத் தந்தவர்கள். ஒஸ்டின்காரரைப் போன மாதம் மட்டக்களப்புச் சந்தையில் கண்டேன். மீன் விலை கேட்டுக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் மரக்கறிப் பக்கம் திரும்பிவிட்டார். காரைப் பற்றிக் கேட்டுவிடுவேனோ என்ற வெட்கம்.

பழைய வாகனத்தைப் புதுப்பிக்கும் வேலை ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் காரணம் இரண்டுதான்: காசு, சாமான். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சாமான் தேடினால் கிடைக்கும். இரவு ரயிலேறிக் கொழும்பு போய்ப் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் அலைந்தால் பாதிக்கு மேல் கையில் வந்துவிடும். மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம்கூட ஒன்று இருந்தது. காசும் மெல்ல மெல்லப் புரளும். தீர்ந்துபோவது ஆசைதான். அது தீர்ந்துபோவதில் எங்களைப்போன்ற வேலைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், அப்பப்பாவின் கார் வளவில் சும்மா நிற்கிறதே என்று பலருக்கும் ஞாபகம் வந்தது. களுவாஞ்சிக்குடி, செங்கலடி, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கமிருந்தும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டி வந்தபோது பாதிப் பேர் கைவிட்டார்கள். கைவிடாமல் முடித்தவர்களை எண்ணிப் பார்த்தேன். வசதியானவர்கள் அதில் குறைவு. அப்படியானால் இவர்கள் மட்டும் எப்படி முடித்தார்கள் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் கெட்ட உதாரணம். வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு தம்பி தன் காரைப் பதினேழு உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். உடல் மட்டும் லொறியில், மற்றதெல்லாம் பைகளில். ஒரு சனி, ஞாயிறில் நண்பர்களோடு சேர்ந்து முழுதாகக் கழற்றியிருக்கிறார். கழற்றுவது நல்ல குஷியான வேலை. ஒவ்வொரு போல்ட்டும் கழரும்போது ஏதோ முன்னேறுவதுபோல் இருக்கும். கடைசியில் எந்த போல்ட் எங்கேயுள்ளது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் பாதி போல்ட்டின் தலை வேறு உருண்டுபோயிருந்தது. பழைய இங்கிலிஸ் கார்களுக்கு அங்குலச் சாவி வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 சாவியைப் போட்டால் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டு, கறள் பிடித்த போல்ட்டில் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். அந்தத் தம்பி இன்று வெளிநாட்டில் இருக்கிறார். உரப்பைகள் என்னிடம்தான்.

அதற்கு நேர் எதிர், கல்லடியில் ஓய்வுபெற்ற சேர் ஒருவரின் மைனர். 948 சிசி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவர் வளவுக்குள் வந்து, காரின் கதவுப்படிக்கு மேல் ஒரு சாண் நின்றுவிட்டு வற்றியது. அதற்குப் பிறகு அதை அவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. பதினேழு வருடம் கொட்டிலுக்குள் கிடந்தது.

வந்த முதல் வாரம் நான் ஒரு பிழை விட்டேன். கறள் எவ்வளவு என்று பார்க்கும் அவசரத்தில், அவரை வைத்துக்கொண்டே சில்லைக் கீறினேன். சில் என்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி. லாண்ட் ரோவருக்கு இருப்பதுபோல் மைனருக்கு முழு நீளத்துக்குத் தனிச் செஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடலே பாரம் தாங்க வேண்டும். அதில் பெரும் பங்கு சில்லுக்கு. கிரைண்டரை ஒரு சாண் இழுத்திருப்பேன், உள்ளேயிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. கல்லடிக் கடற்கரை மணல். ஒரு சிரட்டை நிறைய வந்திருக்கும். நடுவில் விரல் நகமளவு ஒரு சிப்பி. சேர் குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் அந்தப் பெட்டிக்குள் ஈரம் காயாது. வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு பிஸ்கட்போல் உதிரும். சுனாமி கண்ட வாகனம் எது வந்தாலும் நான் முதலில் செய்வது நல்ல தண்ணீரை உள்ளே விட்டு நாலைந்து தடவை கழுவுவதுதான். உப்பு இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் வீண்.

சேர் அதுவரை தினமும் நாலு மணிக்குப் பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டு வந்தவர். மணல் கொட்டிய பிறகு வாரத்தில் ஒரு நாளானது. அப்புறம் சுகமில்லை என்றார். ஒரு நாள் அவர் மனைவி போன் எடுத்தார். “மனுசன் இரவில நித்திர இல்லாமக் கிடக்காரு தம்பி. அந்தக் காரக் குடுத்திரலாமா?”

இரண்டு கிழமை பொறுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு, சில்லை அப்படியே மூடி வைத்து எஞ்சினுக்குப் போனேன். இறுகிப்போயிருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஒட்டோ கியர் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஊற்றி ஊறவிட்டோம். நாலாம் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். பத்தாவது நாள் ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. பிளக்குக்குப் பொறி அனுப்பும் பொயின்ற்றைத் தேய்த்துத் துப்புரவாக்கி, ஒயில் மாற்றி, பற்றரி கட்டினோம். இந்தக் கார்களில் பிளஸ்தான் உடலோடு சேரும் என்பதை இளம் எலெக்ட்ரீசியன்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை என் கராஜிலேயே ஒரு புது ரேடியோ புகைந்தது. பெற்றோல் டாங்கிக்குள் பழைய பெற்றோல் கோந்தாகியிருந்ததால் அதைத் தொடவில்லை. சிறிய கான் ஒன்றை உயரத்தில் கட்டிக் குழாய் விட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேரை வரச் சொன்னேன்.

மைனருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றியும் ஸ்டார்ட் பண்ணலாம். கைப்பிடியை அவரிடம் கொடுத்தேன். “பெருவிரலச் சுத்திப் பிடிக்காதீங்க சேர், மற்ற விரல்களோட ஒரே பக்கம் வையுங்க.” எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும். முதல் சுற்றுக்குக் கார்புரேட்டரால் தும்மியது. பிளக் வயரில் இரண்டு மாறியிருந்தது. சிலிண்டர்கள் பற்றும் 1-3-4-2 ஒழுங்குக்கு மாற்றிப் பூட்டினோம். மூன்றாம் சுற்றில் பிடித்தது. கொட்டில் முழுக்கப் புகை. அவர் கைப்பிடியோடு அப்படியே நின்றார்.

அன்றைக்கு அந்தக் கார் ஒரு அடி ஓடவில்லை. பிரேக் இல்லை, அடித்தளத்தில் பாதி இல்லை. ஆனால் அடுத்த நாள் நாலு மணிக்குப் பிளாஸ்க் வந்துவிட்டது. சில்லை வெட்டியபோதும் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார்.

அதிலிருந்து எங்கள் கராஜில் ஒரு வழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த வாகனத்தில் ஏதாவது ஒன்று வேலை செய்ய வேண்டும். ஹோர்ன் அடித்தாலும் போதும். சொந்தக்காரரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே அதைச் செய்யவைப்போம். அதற்குத் தக்கபடி வேலையை அடுக்குகிறோம். ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் கழற்றுவது, அதைப் பூட்டிய பிறகே அடுத்தது. தகட்டு வேலையிலும் அப்படித்தான். எங்களுக்கு டிங்கர் வேலை செய்யும் காத்தான்குடிக் காக்கா இரண்டு சில்லையும் ஒன்றாக வெட்ட விடவே மாட்டார். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முடித்துத்தான் மறுபக்கம். இல்லாவிட்டால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. முடிந்த பக்கம் ஒன்று கண்முன்னால் இருப்பது சொந்தக்காரருக்கும் நல்லது.

அலங்காரச் சாமானை முதலில் வாங்குவது இன்னொரு வியாதி. சீட்டு விழுந்த காசில் ஒருவர் குரோம் பம்பர் இரண்டும் வாங்கி வந்தார். பிரேக் இல்லாத காருக்கு! மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடிக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டைக் கழற்றப் போனால் முன்சில்லின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் கம்பி வழிமறிக்கும். ஒரு நாள் முழுக்கப் போனாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இப்படியான வேலைக்குக் காசு கேட்கும்போதுதான் மனம் சலிக்கும். அந்த நேரம் பார்த்து பம்பர் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகக் கறள் பிடித்தது. அவர் எண்ணெய்த்துணியால்கூடச் சுற்றி வைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. அந்த ஈரத்தில் பெயின்ற் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். சரி, வெயில் வரட்டும் என்றால் கச்சான் காற்று தூசியோடு வரும். பங்குனி, சித்திரைதான் எனக்கு வசதி. அதைத் தவறவிட்டவர்கள் அவசரத்தில் சாதாரண பிரைமரோடு காரை மாரிக்குள் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். தை மாதம் பார்த்தால் அடியில் கறள் ஓடியிருக்கும், செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். இதைவிட ஆளைச் சோர்வாக்கும் விஷயம் கிடையாது. நிறம் அடிக்கப் பிந்தும் என்றால் எபொக்சி பிரைமர் போடச் சொல்லுங்கள்.

மாரி மூன்று மாதமும் மேசை வேலைக்கு. கார்புரேட்டர், டைனமோ, வைப்பர் மோட்டர், சீற் தையல். கல்முனையிலிருந்து வரும் ஒருவருக்குக் கதவுக் கைப்பிடிகளையும் கண்ணாடி சுற்றும் பிடிகளையும் மாஜரின் டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொடுத்துவிடுவேன். மழைக்குள் இருந்து மினுக்கிக்கொண்டிருப்பார். கழற்றிய போல்ட்டெல்லாம் பொலித்தீன் பையில், உள்ளே பென்சிலால் எழுதிய துண்டோடு. பேனை எழுத்து ஒயிலில் அழிந்துவிடும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்காமல் சாவியைக் கையில் எடுக்க வேண்டாம். செஸி நம்பர், எஞ்சின் நம்பர், நிறம், யாருடைய பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒருவருக்கு முக்கால்வாசி வேலை முடிந்த பிறகு கனடாவிலிருந்து சித்தப்பா போன் எடுத்து, அதில் எனக்கும் பங்கு இருக்கு என்றார். கார் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. அந்த லாண்ட் ரோவர்தான் பின்வளவில் நிற்பது. அம்பாறை வயலில் ஓடிய வண்டி, உடல் அலுமினியம் என்பதால் மேலே ஒன்றும் இல்லை, செஸியின் பின்குறுக்குச் சட்டம் மட்டும் போய்விட்டது. இரண்டு கிழமை வேலை. குடும்பம் பேசி முடிக்கட்டும்.

வீட்டில் தாங்களே செய்பவர்களுக்கு மூன்று விஷயம். பழைய பிரேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். காலியான பெற்றோல் டாங்கிக்கு வெல்டிங் வைக்க வேண்டாம், ஆவி வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்.

எப்போது முடியும் என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் தேதி சொல்வதில்லை. முன்பு ஒருவருக்கு ஆறு மாதம் என்று சொல்லி மூன்று வருடம் எடுத்தேன். மகளின் கலியாணத்துக்கு அந்தக் காரில் போவதாக இருந்தவர், வாடகை வானில் போனார். அந்தக் கலியாண வீட்டுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

சேரின் மைனர் போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கம்வரை ஓடியது. வைப்பர் ஒன்று இன்னும் வேலை செய்யவில்லை. மாரிக்கு முன்னம் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் ஒஸ்டினின் பொனற்றைத் திறந்து, நாலு பிளக்கையும் கழற்றி டீசல் ஊற்றிவிட்டு வந்தேன். அசைந்தால், ஓடும் சத்தத்தைப் பதிந்து சந்தையில் கண்ட ஒஸ்டின்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட வேண்டும். போன் எடுக்காவிட்டாலும் அதைக் கேட்பார்.