முகவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவர்

வெளிநாட்டு வேலைக்கென்று பணத்தைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு சட்டத்தரணியைத் தேடி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைத்தான். ஒரு கம்பனியின் பெயர் விடையாக வருவது அரிது. "எங்கட ஊர்ப் பெடியன்தான் சேர்" என்பார்கள். அல்லது மச்சானின் கூட்டாளி, சவூதியில் இருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டு ராத்தா, சம்மாந்துறையில் கடை வைத்திருப்பவர் என்று யாராவது ஒருவரைச் சொல்வார்கள். கொழும்பு ஏஜென்சியின் பெயரை அவர்கள் அறிந்திருப்பதே, பெரும்பாலும், மெடிக்கல் எடுக்கப் போன அன்றுதான்.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டும் தொழிலைப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரே செய்யலாம்; அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம். பணியகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரும், முறைப்பாடு வந்தால் விசாரணைக்கு அழைக்கப்படுபவரும் அந்த அனுமதிப்பத்திரக்காரர்தான். ஊருக்குள் வந்து கடவுச்சீட்டையும் பணத்தையும் வாங்கிச் செல்லும் சப் ஏஜென்டிடம் அப்படியொரு பத்திரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏதேனும் பிசகினால், "அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது" என்று கொழும்புக்காரர் சொல்வார். "நான் வாங்கி அங்கே கொடுத்துவிட்டேன்" என்று ஊர்க்காரர் சொல்வார். இரண்டு கூற்றையும் பொய்யென்று காட்டக்கூடிய ஒரு துண்டுக் காகிதம்கூடப் பணம் கொடுத்தவரின் கையில் இருக்காது.

என் கணிப்பில், மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் திட்டமிட்டு ஏமாற்றுகிறவர்கள் அல்லர். தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கொமிசனுக்காக, மேலே இருப்பவர் சொன்னதை அப்படியே நம்பி ஓடித்திரிபவர்கள் அவர்கள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தெரிந்தே பொய் சொல்பவனிடம் காணக்கூடிய தடுமாற்றம் இவர்களிடம் இருக்காது, ஆகவே கேட்பவருக்குச் சந்தேகமும் எழாது.

ஆண்களின் நிலையும் பெண்களின் நிலையும் இங்கே வேறுபடுகின்றன. சாரதி, கட்டடத் தொழிலாளி, ஹோட்டல் பணியாளர் என்று போகும் ஆண் பணம் கட்டிப் போகிறார். காணியை ஈடு வைத்தோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ அதைக் கட்டுகிறார். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் பெண்ணுக்கோ, போவதற்கு முன்பே ஏஜென்சி ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறது. வாகரையிலோ திருக்கோவிலிலோ நுண்கடன் தவணைக்குத் தத்தளிக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகை பெரிய ஆறுதல். ஆனால் அது அன்பளிப்பாகக் கொடுக்கப்படும் பணமன்று. வளைகுடாவிலுள்ள எஜமானர் தரப்பு ஆளைப் பெறுவதற்காக ஏஜென்சிக்குக் கொடுப்பதில் ஒரு பங்குதான் அது. அதை வாங்கிய பிறகு பயிற்சிக் காலத்திலேயே அந்தப் பெண் மனம் மாறினாலும், போன வீட்டில் துன்பம் தாங்காமல் திரும்பக் கேட்டாலும், "செலவழித்ததைத் திருப்பிக் கட்டு" என்ற பேச்சு எழுகிறது. கொடுத்ததைவிட அதிகமான தொகையும் கேட்கப்படுகிறது. ஆகவே அந்தப் பணத்தை வாங்குவதற்கு முன், இடையில் நின்றால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் கைநீட்டாமல் இருப்பது நல்லது.

அனுமதிப்பத்திரம் உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுபவர்களும் சிக்குகிறார்கள். முகநூல் விளம்பரத்தில் போடப்படும் இலக்கம் வேறொருவருடையதாக இருக்கலாம், காலாவதியானதாகவும் இருக்கலாம். உண்மையான முகவரே ஆனாலும், ஒவ்வொரு வேலைக் கோரிக்கைக்கும் பணியகத்தின் அங்கீகாரத்தைப் பெற்ற பின்னரே அவர் ஆள் சேர்க்க வேண்டும். கத்தாருக்குக் காவலாளி வேலைக்கு அங்கீகாரம் உள்ளவர் போலந்துத் தொழிற்சாலைக்கும் ஆள் எடுப்பதாகச் சொன்னால், அந்தப் போலந்து வேலைக்கான அங்கீகாரத்தைத் தனியே கேட்க வேண்டும். இதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உள்ள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

சில வேலைகளில் தனியார் முகவருக்கு இடமே கிடையாது. கொரிய வேலைக்கு மொழிப் பரீட்சை முதல் பயணம் வரை பணியகத்தின் ஊடாகவே நடக்கிறது. பரீட்சையில் சித்தியெய்தியவரின் பெயரை மேலே தூக்கிவிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. கனடாவில் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதற்கான எல்.எம்.ஐ.ஏ. அனுமதிக்கு ஒரு பதவிக்கு 1,000 கனேடிய டொலர் கட்டணம் உண்டு. அதை எஜமானரே கட்ட வேண்டும், தொழிலாளரிடமிருந்து அறவிடக் கூடாது. பிரித்தானியாவோ 2025 ஜூலை 22 முதல் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் வழியை மூடிவிட்டது. அதற்குப் பின் 'கெயார் விசா' என்று இலட்சக்கணக்கில் முற்பணம் கேட்பவரிடம் வேறு கேள்வி எதுவும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது விசிட் விசா. "போய் இறங்குங்க தம்பி, அங்க வச்சு மாத்திக்கலாம்" என்பார்கள். பணியகத்தில் பதியாமல் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குப் பணியகத்தின் காப்புறுதி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்தமும் இல்லை. வேலை செய்யத் தொடங்கிய கணத்திலிருந்து அந்நாட்டுச் சட்டத்தின் முன் அவரே குற்றவாளி. 2022 இல் ஓமானில் அடைபட்டிருந்த இலங்கைப் பெண்களின் செய்தி வெளிவந்தபோது, அவர்களில் பலர் சென்ற வழி இதுவென்று தெரிந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024 இல் உதவிப் பணி என்று சொல்லி ரஷ்யாவுக்கு அழைக்கப்பட்ட முன்னாள் படையினர் உக்ரேன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். படித்தவர், பயிற்சி பெற்றவர் என்ற வேறுபாடு இந்த வலைக்குக் கிடையாது.

உள்நாட்டில், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அனுப்பும் மேன்பவர் கம்பனிகள் மூலம் வேலைக்குச் சேர்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கென 8 சதவீதம் கழிக்கப்பட்டால், எஜமானர் தன் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் சேர்த்து வைப்பிலிட வேண்டும். கழிப்பது நடக்கிறது, வைப்பிலிடுவது நடப்பதில்லை என்ற முறைப்பாடு எனக்குப் பழகிப்போனது. மேன்பவர் கம்பனியும் வேலை நடக்கும் தொழிற்சாலையும் ஒன்றையொன்று கைகாட்டும். உங்கள் நியமனக் கடிதத்தில் எஜமானராக யாருடைய பெயர் இருக்கிறதென்பதை முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடும்போது அந்தப் பெயர் தேவைப்படும்.

ஏற்கனவே பணத்தைக் கொடுத்துவிட்டவர்களுக்குக் காலம் முக்கியம். நமது காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் இல்லாத உடன்படிக்கையின் பேரில் பணத்தை மீட்கப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். எழுத்தில் இருந்தால் 6 ஆண்டுகள். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போய், அங்கே ஏமாற்றப்பட்டு, திரும்பி வந்து, "ஊர்க்காரன்தானே, பள்ளிவாசலில் பேசித் தீர்ப்போம், கோயிலில் பேசித் தீர்ப்போம்" என்று மேலும் ஒரு வருடம் பொறுத்தவர் என்னிடம் வரும்போது, கேட்பதற்கு உரிமை இருந்தும் வழக்கிடக் காலம் இல்லாமல் போயிருக்கும். பேசித் தீர்க்க முயல்வதில் பிழையில்லை. அந்தப் பேச்சின்போதே, வாங்கிய தொகையையும் திருப்பித்தரும் திகதியையும் குறிப்பிட்டு அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தைப் பெற்றுவிட்டால் நிலைமை பெரிதும் மாறிவிடும்.

பொலிசுக்கோ பணியகத்துக்கோ போவதற்கு முன், வங்கி வைப்புச் சீட்டு, வாட்ஸ்அப் குரல் பதிவுகள், விளம்பரத்தின் படம், கடவுச்சீட்டு யாரிடம் எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து வையுங்கள். கைப்பேசியை மாற்றும்போதோ பழையதை விற்கும்போதோ குரல் பதிவுகள் அழிந்துவிடுவதுண்டு. ஆகவே அவற்றை வேறோர் இடத்திலும் பிரதியெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பணம் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், அப்போது அங்கே இருந்தவர்களின் பெயர்களை மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள்.