ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் கனெக்டரைப் பாருங்கள்

எட்டு டிஸ்க் கொள்ளும் சேமிப்புப் பெட்டியில் ஒரு டிஸ்க் திடீரென்று காணாமல் போகிறது. அணைத்துப் போட்டால் திரும்பி வந்துவிடுகிறது. இப்படி நடந்தால் பலரும் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் கனெக்டரை.

டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை சாட்டா. சாட்டா டிஸ்க்கில் எல் வடிவ இணைப்புகள் இரண்டு அருகருகே இருக்கும். 7 பின் (தொடுமுனை) கொண்ட சிறியது தகவலுக்கு, 15 பின் கொண்ட பெரியது மின்சாரத்துக்கு. பின்களுக்கு இடையே 1.27 மி.மீ.தான் இடைவெளி. மூல வடிவமைப்பின்படி மின்சாரப் பக்கத்தில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் மூன்று பின்கள், மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்டுக்கு ஐந்து. மீதமுள்ள 11-ஆவது பின்னுக்குத் தனி வேலை உண்டு.

ஒரு பின் தாங்குவது 1.5 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள் என்பதால் மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். வேகம் பிடித்தபின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். எட்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 16 ஆம்பியர். இந்தக் கணக்கைப் போடாமல், ஒற்றை சாட்டா பவர் கனெக்டரை அடாப்டர் வழியாக மோலெக்ஸாக (நான்கு பின் கொண்ட பழைய வகைப் பவர் கனெக்டர்) மாற்றி, அதிலிருந்தே டிஸ்க்குகள் செருகும் பலகையான பேக்பிளேன் முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. பிளாஸ்டிக் உருகிய நாற்றம் வரும்வரை யாருக்கும் தெரியாது. பேக்பிளேனில் இரண்டு மோலெக்ஸ் வாய் இருந்தால் இரண்டிலும் செருகுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் வெவ்வேறு கேபிள்களிலிருந்து எடுப்பது நல்லது.

அடாப்டர் வாங்கியே தீர வேண்டுமென்றால் அதன் சாட்டா முனையைத் திருப்பிப் பாருங்கள். கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்தவை மலிவு. ஆனால் உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. 12 வோல்ட்டும் கிரவுண்டும் தொட்டுத் தீப்பிடிப்பது இவற்றில்தான். ஒவ்வொரு கம்பிக்கும் தனி உலோக முனை அழுத்திப் பொருத்திய வகையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் கிளம்புவதைத் தடுக்கத்தான் அந்த 11-ஆவது பின். அது கிரவுண்டோடு இணைந்திருந்தால் மின்சாரம் வந்ததுமே டிஸ்க் சுழலும். எதனோடும் இணைக்காமல் விட்டிருந்தால், டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் கூப்பிடும்வரை காத்திருக்கும். டிஸ்க்கும் கன்ட்ரோலரும் இதை ஆதரித்தால் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எழுப்பலாம். பவர் சப்ளைக்கும் மூச்சு வாங்காது.

ஓடும் பெட்டியிலேயே டிஸ்க்கைச் செருக முடிவதற்குக் காரணம் பின்களின் நீளம். இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பேக்பிளேனில் 4, 12 ஆகிய கிரவுண்ட் பின்கள் மற்றவற்றைவிட நீளம். அவைதான் முதலில் தொடும். அடுத்து 3, 7, 13 பின்கள், ஒவ்வொரு வோல்ட்டேஜுக்கும் ஒன்றாக. இவை வழியே வரும் மின்சாரத்தை மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று கட்டுப்படுத்த, டிஸ்க்கில் மின்சாரத்தைத் தேக்கும் கப்பாசிட்டர்கள் மெதுவாக நிறைகின்றன. மீதி வோல்ட்டேஜ் பின்கள் கடைசியில்தான் சேரும். இந்த வரிசை இல்லையென்றால் காலிக் கப்பாசிட்டர்கள் ஒரே கணத்தில் மின்சாரத்தை உறிஞ்ச, பக்கத்து டிஸ்க்கின் வோல்ட்டேஜ் சரியும். ஆகவே டிஸ்க்கைத் தயங்கித் தயங்கி, பாதியில் நிறுத்திச் செருகக் கூடாது. ஒரே சீராக இறுதிவரை தள்ளி, ட்ரேயின் கைப்பிடியைப் பூட்டுங்கள்.

தகவல் பக்கத்தின் ஏழு பின்களில் மூன்று கிரவுண்ட், மீதி நான்கும் இரண்டு ஜோடிகள்: ஒன்று போக, ஒன்று வர. நொடிக்கு 6 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஒரு நானோ நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் சமிக்ஞை கேபிளில் ஏறக்குறைய 3 செ.மீ.தான் நகரும். ஒரு மீட்டர் கேபிளில் எந்த நேரமும் முப்பது பிட்டுகள் வழியில் இருக்கின்றன. ஜோடியின் மின்மறுப்பு, அதாவது வேகமாக மாறும் சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 100 ஓம் என்று வகுத்திருக்கிறார்கள். கேபிளைக் கூர்மையாக மடித்தால் கம்பிகளின் இடைவெளி மாறி, அந்த இடத்தில் மின்மறுப்பும் மாறும். சமிக்ஞையின் ஒரு பகுதி திரும்பி எதிரொலித்து, பின்னால் வரும் பிட்டைக் குழப்பும். உள் கேபிள் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

தொடும் இடத்தில் பின்களுக்கு மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்பது நொடிக்கு 120 அதிர்வு. தளர்வான கனெக்டரில் இந்த நுண்ணிய உரசல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் தங்கம் தேய்ந்து, அடியிலுள்ள உலோகம் ஆக்சைடாகும். கழற்றி மாட்டினால் சில நாள் சரியாக இருப்பதும், பிறகு மறுபடி தொல்லை தருவதும் இதனால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைக்கலாம். ரப்பர் போட்டுத் தேய்த்தால் மிச்சத் தங்கமும் போய்விடும்.

பழுது எந்தப் பக்கம் என்பதை டிஸ்க்கே சொல்லும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற வரிசை எண், கேபிளில் தகவல் சிதைந்து மறுபடி அனுப்ப நேர்ந்ததை எண்ணுகிறது. 5, 197 ஆகியவை தட்டின் பரப்பில் கெட்ட இடங்களைக் காட்டுபவை. 199 மட்டும் ஏறினால் சந்தேகம் கேபிள் மீதோ பேக்பிளேன் மீதோ விழ வேண்டும். டிஸ்க் அடிக்கடி நின்று மறுபடி சுழலும் சத்தம் கேட்டால் மின்சாரத்தைப் பாருங்கள்: எல்லா டிஸ்க்கும் கிளம்பும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் 11.4-க்குக் கீழேயும், 5 வோல்ட் 4.75-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. பவர் சப்ளையில் அளந்து பயனில்லை, டிஸ்க் இருக்கும் முனையில் அளக்க வேண்டும்.

199-இன் எண்ணிக்கை பழுதை நீக்கினாலும் பூச்சியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, டிஸ்க்கை வேறு ஸ்லாட்டில் உள்ள டிஸ்க்கோடு இடம் மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புது இடத்திலும் ஏறினால் டிஸ்க்கின் கனெக்டரில் கோளாறு. இங்கே நின்றுபோய், பழைய ஸ்லாட்டுக்கு வந்த டிஸ்க்கில் ஏறத் தொடங்கினால் மாற்ற வேண்டியது அந்த ஸ்லாட்டின் கேபிளை. அதற்கும் அடங்காவிட்டால் பேக்பிளேனை.