ஒண்ணுக்கு கடுங்காப்பி கலர்ல போகுதுன்னா வலி மாத்திரை கேட்டு வராதீங்க

திருநெல்வேலி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சு 22 வருஷம் ஆச்சு. இந்த 22 வருஷத்துல என்னைய ராத்திரி தூங்க விடாம பண்ணின கேஸ் ஒண்ணு இருக்கு, அதைத்தான் சொல்லப்போறேன். கொழுப்பு மாத்திரை சாப்பிடுறவங்க, வீட்ல அப்பா அம்மா சாப்பிடுறவங்க முழுசா படிச்சிருங்க.

சாயங்காலம் 7 மணி, கடையில நல்ல கூட்டம். தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வந்து, "தம்பி, அவுகளுக்கு ரெண்டு காலும் ஒரே உளைச்சல், தொடையத் தொட்டாலே கத்துறாவ, நல்ல வலி மாத்திரையா ஒரு அட்டை குடு"ன்னாங்க. காய்ச்சல் வந்து போன வீடு, உடம்பு வலி இருக்கத்தான் செய்யும்னு நானும் சீட்டு கூட கேக்காம டைக்ளோஃபினாக் எடுத்து குடுத்துட்டேன். குடுத்திருக்கவே கூடாது. ரெண்டு நாள் கழிச்சு அதே அக்கா திரும்ப வந்து, அவங்க வீட்டுக்காரர் அண்ணாச்சியால கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க முடியல, பையன்தான் கக்கத்துல கை குடுத்து தூக்குறான், சூடு பிடிச்சிருக்கும் போல, ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போகுது, இளநீர் குடுத்தும் சரியாகலன்னு சொன்னாங்க. அப்போதான் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு.

பழைய பில்லை எல்லாம் எடுத்துப் பாத்தேன். அண்ணாச்சிக்கு 64 வயசு, ஸ்டென்ட் வச்சவர், தினம் ராத்திரி அட்டோர்வாஸ்டாடின் 40ன்னு கொழுப்பு மாத்திரை. ஒரு வாரம் முன்னாடி சளி நெஞ்சுல கட்டிருச்சுன்னு வேற ஒரு டாக்டர்கிட்ட போயிருக்காரு, அவர் எழுதினது கிளாரித்ரோமைசின் 500ன்னு ஒரு ஆன்டிபயாடிக், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஹார்ட் மாத்திரை சாப்பிடுறதை அண்ணாச்சி அங்க சொல்லல, அந்த டாக்டரும் கேக்கல, ரெண்டு சீட்டுக்கும் மருந்து குடுத்த நானும் சேத்து வச்சுப் பாக்கல. மூணு பேர்ல ஒருத்தர் வாயத் திறந்திருந்தா போதும்.

அன்னிக்கு ராத்திரியே அட்மிஷன். தசை உடைஞ்சிருக்கான்னு பாக்க ரத்தத்துல சிபிகேன்னு ஒரு டெஸ்ட் பாப்பாங்க, சாதாரணமா 200 பக்கம் இருக்கணும், அவருக்கு 38 ஆயிரம். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 4-ஐத் தாண்டிருச்சு. மூணு தடவை டயாலிசிஸ் பண்ணித்தான் ஆளு தேறினாரு.

என்ன நடந்துச்சுன்னா, இந்த வியாதிக்குப் பேரு ராப்டோமயோலிசிஸ், தசை உடைஞ்சு கரைஞ்சு ரத்தத்துல கலக்குறது. தசைக்குள்ள மயோகுளோபின்னு சிவப்பா ஒரு புரதம் இருக்கு, அது மொத்தமா வெளிய வந்து கிட்னியில போய் அடைச்சுக்கும், அதான் ஒண்ணுக்கு அந்தக் கலர்ல வர்றது. அட்டோர்வாஸ்டாடினை உடம்புல இருந்து கழிச்சுவிடுற வேலைய பெரும்பாலும் பாக்குறது சிஒய்பி3ஏ4ன்னு ஒரு நொதி, குடல்லயும் ஈரல்லயும் இருக்கு. இதை ஒரே ஒரு பில் கவுண்டர்னு வச்சுக்கோங்க, கிளாரித்ரோமைசின் அந்தக் கவுண்டரை மறிச்சுக்கிட்டு உக்காந்துரும், ஸ்டாடின் (இந்த வகை கொழுப்பு மாத்திரைக்குப் பொதுப் பேரு) வெளிய போக வழியில்லாம ரத்தத்துல நாளுக்கு நாள் சேர ஆரம்பிச்சுரும். அவர் முழுங்கினது தினம் 40தான், ஆனா உடம்பு பாத்தது அதைப் போல பல மடங்கு. இதுக்கு மேல நான் குடுத்த டைக்ளோஃபினாக் வேற, ஏற்கனவே திணறிக்கிட்டு இருந்த கிட்னிய இன்னும் அமுக்கிருச்சு.

கிளாரித்ரோமைசின் மட்டும் இல்ல. எரித்ரோமைசின், படைக்கு எழுதுற இட்ராகொனசோல் (படர்தாமரைக்கு இப்பல்லாம் மாசக்கணக்குல எழுதுறாங்க, இதைத்தான் நான் இப்போ ரொம்ப கவனிக்கிறேன்), பிரஷருக்கும் நெஞ்சு படபடப்புக்கும் குடுக்குற டில்டியாசெம், வெராபமில், அமியோடரோன், கிட்னி மாத்தினவங்க சாப்பிடுற சைக்ளோஸ்போரின், இதெல்லாம் இதே வில்லங்கம் பண்ற ஆளுங்க. சிம்வாஸ்டாடின்னு இன்னொரு கொழுப்பு மாத்திரைக்கு இது இன்னும் மோசம், கிளாரித்ரோமைசினோட அதைச் சேக்கவே கூடாது, சாதாரண பிரஷர் மாத்திரை அம்லோடிபின் சாப்பிடுறவங்களுக்கே சிம்வாஸ்டாடின் 20-ஐத் தாண்டக்கூடாது. ரோசுவாஸ்டாடின்னு ஒரு கொழுப்பு மாத்திரை இந்தக் கவுண்டர் பக்கம் அதிகம் போறதில்ல, அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கும் கவுண்டரை பெருசா மறிக்காது. அதனால டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா மாத்தி எழுதுவாரு, இல்லன்னா ஆன்டிபயாடிக் சாப்பிடுற அந்த நாளைக்கு மட்டும் கொழுப்பு மாத்திரைய நிறுத்தி வைக்கச் சொல்வாரு. அவ்ளோதான் விஷயம். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் நிறைய குடிக்கக்கூடாதுன்னு போட்டிருப்பாங்க, அது ஆரஞ்சு வகையறா பழம். ஒரு பெரியவர் அதை நெட்ல பாத்துட்டு மூணு மாசமா திராட்சையே தொடாம இருந்தாரு, பாவம்.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச சங்கதி இல்ல. செரிவாஸ்டாடின்னு ஒரு மாத்திரை இருந்துச்சு, பேயர் கம்பெனியோடது, இதே தசை கரையுற பிரச்சனையில 50-க்கு மேல ஆளுங்க செத்துப்போய் 2001 ஆகஸ்ட்ல மார்க்கெட்ல இருந்தே எடுத்துட்டாங்க. அதுலயும் நிறைய பேரு ஜெம்ஃபைப்ரோசில்னு இன்னொரு கொழுப்பு மாத்திரைய கூட சேத்து சாப்பிட்டவங்க. தனியா கொஞ்சம் ஆபத்து, துணைக்கு ஆள் சேந்தா பெரிய ஆபத்து.

இப்போ இதைப் படிச்சிட்டு நாளைக்கே மாத்திரைய குப்பையில போட்டுராதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். அண்ணாச்சிக்கு வந்த மாதிரி வர்றது பத்தாயிரம் பேரு ஒரு வருஷம் சாப்பிட்டா ஒருத்தருக்குக் கூட வராத அளவுக்கு அபூர்வம். நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் என்னன்னா நிறைய பேரு சாப்பிடுறது கூட்டு மாத்திரை, ஒரே கேப்சூல்ல ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூணும் இருக்கும். கொழுப்பு மாத்திரை கெடுதலாம்னு வாட்ஸ்அப்ல பாத்துட்டு அதை நிறுத்தினா, ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரையும் சேந்து நின்னுரும். ஸ்டென்ட் வச்சு நாலு மாசத்துல ஒருத்தர் அப்படி நிறுத்திட்டு, பத்தாவது நாள் நெஞ்சு வலியோட தூக்கிட்டு ஓடினாங்க, எங்க தெருதான்.

கால் வலி எல்லாமே மாத்திரையால வர்றதும் இல்ல. லண்டன்ல சாம்சன்னு ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2020-ல முடிவு வந்துச்சு. ஸ்டாடின் ஒத்துக்கலன்னு விட்டுட்ட 60 பேரைக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மாசம் ஒரு பாட்டில், சில மாசம் ஸ்டாடின், சில மாசம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாசம் பாட்டில்ல ஒண்ணுமே கிடையாது. ஸ்டாடின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரைக்கும் வந்திருக்கு! வலி பொய்னு இல்ல, வலி நிஜம், காரணம்தான் வேற. முடிவைப் பாத்துட்டு பாதிப் பேரு திரும்ப மாத்திரைய ஆரம்பிச்சுட்டாங்க.

அப்போ எதுக்குப் பயப்படணும்? ரெண்டு தொடையும், ரெண்டு தோளும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிச்சு பலம் குறையுறது, சம்மணம் போட்டு உக்காந்தா கை ஊனாம எந்திரிக்க முடியல, படியேற முடியல, தலை வாரக் கை தூக்க முடியல, ஒண்ணுக்கு கலர் மாறுறது, இல்ல ஒண்ணுக்கே குறைஞ்சு போறது. இதுல வலி மாத்திரைக்கும் இளநீருக்கும் வேலையே இல்ல, அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஒல்லியான வயசான அம்மாங்க, கிட்னி வீக்கானவங்க, தைராய்டு குறைவா இருக்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். தைராய்டு குறைஞ்சாலே கொழுப்பு ஏறும், தசையும் வலிக்கும், அதனால மாத்திரை தொடங்குறதுக்கு முன்னாடி டிஎஸ்ஹெச்ங்கிற தைராய்டு டெஸ்ட் பாத்தாங்களான்னு கேளுங்க. ரோசுவாஸ்டாடின் நம்ம ஆசியா ஆளுங்க ரத்தத்துல அதிகமா ஏறும், அதனால 5-ல ஆரம்பிக்கச் சொல்லி அமெரிக்காவுல லேபிள்லயே போட்டிருக்கு. ரொம்ப அபூர்வமா மாத்திரைய நிறுத்தியும் மாசக்கணக்குல பலம் திரும்பாம போறது உண்டு, நம்ம எதிர்ப்பு சக்தியே தசைய அடிக்கிறது, அதுக்குத் தனி டெஸ்ட், தனி வைத்தியம். சுகர் கொஞ்சம் ஏறும், நாலு வருஷத்துல 255 பேருக்கு ஒருத்தர் கூடுதலா சுகர்காரர் ஆகுற கணக்கு. ஈரல் பெருசா கெடுறது அபூர்வம்.

அண்ணாச்சிக்கு இப்போ கிரியேட்டினின் நார்மல். கொஞ்ச நாள் ஸ்டாடின் இல்லாத எஸெடிமைப்ங்கிற கொழுப்பு மாத்திரை மட்டும் குடுத்துட்டு, அப்புறம் ஹார்ட் டாக்டர் சிபிகே பாத்துப் பாத்து ரோசுவாஸ்டாடின் 5 ஆரம்பிச்சிருக்காரு. எங்க கடைக்கு அவுக வீட்ல இருந்து இப்போ யாரும் வர்றதில்ல, பஸ் ஸ்டாப் பக்கத்து கடையிலதான் வாங்குறாங்க. தப்பு சொல்ல மாட்டேன். போன மாசம் நானே அந்தக் கடைக்குப் போய், அண்ணாச்சி பேரைச் சொல்லி, ஆன்டிபயாடிக் சீட்டு எதுவும் வந்தா ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருப்பான்னு அங்க நிக்கிற பையன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.