சுகர் இல்லை, புண் ஏன் ஆறவில்லை?

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் நம் பெண்கள் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுபவர்கள். கையில் ஆவி பட்ட புண்ணோடு அடிக்கடி என்னிடம் வருவார்கள். சிறிய புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஒரு அம்மாவுக்கு மட்டும் மணிக்கட்டுப் புண் ஐந்து வாரமாகியும் மூடவில்லை. ஓரம் வெளிறி, நடுவில் ஈரம். மூன்று மாத சுகர் பார்த்தோம், சரியாக இருந்தது. ரத்தசோகையும் இல்லை.

கட்டுப் போட்டுக்கொண்டே உறக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

"உறக்கமா? அத்தைக்கு நினைவு தப்பி ரெண்டு வருசமாச்சு டாக்டரம்மா. ராத்திரி கதவத் திறந்து, ஊருக்குப் போறேன்னு கிளம்பிருவாவ. நான்தான் காவல்."

1995இல் அமெரிக்காவின் ஓஹியோவில் இதேபோல் நினைவு தப்பிய உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சுமை இல்லாத 13 பேரைவிட இவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாயிற்று. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த மணிக்கட்டைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன் ஒரு நாள் ஆபத்துக்கு நல்ல துணை. மாதக்கணக்கில் ஓயாமல் சுரந்தால், காயத்துக்கு வெள்ளணுக்களைத் திரட்டும் சமிக்ஞை மங்கிவிடுகிறது. அதே உடம்பில் வேறெங்கோ லேசான அழற்சி கனன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சு" என்று ஒரே வரியில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதற்கென விற்கும் பொடிகளுக்குக் காசைக் கொட்டுவதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

மனம் உடம்பைப் பாதிப்பதுபோல, உடம்பும் மனதைப் பாதிக்கும். காய்ச்சலில் படுத்தால் யாரோடும் பேசப் பிடிக்காது, சோறு இறங்காது. எதிர்ப்பு அணுக்கள் மூளைக்கு அனுப்பும் சேதி அது. ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அதுவும் எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் சேதிப்பொருள்தான். அதனால் பலருக்கு மனச்சோர்வே வந்தது. சோர்ந்து கிடப்பவரைப் பார்த்து "தெம்பில்லாதவ" என்று வீட்டார் ஏசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

"ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்கா? எதுலயாவது ஆசை இருக்கா?" என்று கேட்டேன். அந்த அம்மா அழுதார். மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். தமிழிலும் பேசும் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் எழுதிக்கொடுத்தேன். பிறகு கணவரையும் கொழுந்தனையும் வரச்சொன்னேன். மருந்துச் சீட்டில் களிம்புக்குக் கீழே, "திங்கள், புதன், வெள்ளி இரவுக் காவல்: வீட்டு ஆண்கள்" என்று எழுதிக் கணவர் கையில் கொடுத்தேன்.