எஸ்எஸ்டி: சுற்றாத பெட்டிக்கு 'டிரைவ்' என்று பெயர்

லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது என்று கடையில் கொடுத்தால், "எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் போட்டுக்கோங்க சார், பறக்கும்" என்பார்கள். பறக்கும், உண்மைதான். ஆனால் எஸ்எஸ்டிக்குள் டிஸ்க்கே கிடையாது.

கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பாகம் இது. 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்பதன் சுருக்கம் எஸ்எஸ்டி. இதில் ஆளைக் குழப்புவது 'சாலிட்'. கெட்டியான சரக்கு, கீழே விழுந்தாலும் தாங்கும், அதனால் சாலிட் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கதை வேறு.

வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்து சூடேற வேண்டும். அந்தக் குமிழ்களுக்குள் இருந்த வெற்றிடத்தில்தான் எலக்ட்ரான்கள் பாய்ந்தன. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஜெர்மேனியம் என்ற திண்மப் பொருளுக்குள்ளேயே மின்னோட்டத்தை ஆட்டிவைக்க முடிந்தது; குமிழும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். அதைத்தான் 'சாலிட் ஸ்டேட்' என்றார்கள். அறுபது, எழுபதுகளில் ரேடியோ, டிவி முகப்பிலேயே இதைப் பெருமையாக அச்சடித்தார்கள். எஸ்எஸ்டிக்கு அந்தப் பெயர் பரம்பரைச் சொத்தாக வந்தது. ஜப்பானின் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம்தான் இன்றைய எஸ்எஸ்டியின் உயிர். மின்சாரம் போனாலும் எலக்ட்ரான்கள் சிலிக்கானில் உள்ள நுண்ணறைகளில் சிறைப்பட்டே கிடக்கும். தரவும் அங்கேயே இருக்கும். 1991-இல் விற்பனைக்கு வந்த ஒரு ஃப்ளாஷ் எஸ்எஸ்டியின் கொள்ளளவு வெறும் 20 எம்பி!

'டிரைவ்' இன்னும் வேடிக்கை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டைச் சுழற்ற மோட்டார் உண்டு. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அந்தச் சுழற்றும் அமைப்புக்குத்தான் டிரைவ் என்று பெயர். பழுதான ஒரு எஸ்எஸ்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டரை அங்குலப் பெட்டியில் பாதி காலி. ஓரமாக ஒரு சின்னப் பலகை, அதில் நாலைந்து கறுப்புச் சில்லுகள். அவ்வளவுதான். சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திடநிலை வட்டு' என்று எழுதுபவர்கள் உண்டு. வட்டே இல்லாததால் அது நேரடியாகவே தப்பு. 'திண்மநிலை இயக்ககம்' பரவலாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலேயே பொருள் செத்துப்போன டிரைவை அது மெனக்கெட்டு மொழிபெயர்க்கிறது. 'நினைவகம்' என்றால், கணினி வேலை செய்யும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் ரேமோடு குழம்பும். நான் எழுதுவது 'திண்மநிலைச் சேமிப்பகம்'. 'திடம்' வடமொழி 'த்ருட'த்திலிருந்து வந்தது, 'திண்மம்' நம் 'திண்' அடியிலிருந்து வந்தது. ஒரு சங்கடம்: திண்மை என்றால் நமக்கும் வலிமைதான். ஆக, சாலிட் தந்த குழப்பம் தமிழிலும் கூடவே வருகிறது. பள்ளிப் பாடத்தின் திண்மம், திரவம், வாயுவை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும்.

கடையில் போய் இந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், எஸ்எஸ்டி என்றே கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் லேப்டாப் எந்த வகையை ஏற்கும் என்று முதலில் பாருங்கள்: இரண்டரை அங்குல சாட்டாவா, சுவிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2-வா. சாட்டா என்பது எஸ்எஸ்டி கணினியோடு தரவைப் பரிமாறும் ஒரு முறை, எம்.2 என்பது வடிவம். எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு பரிமாற்ற முறைகள் உண்டு. நண்பர் ஒருவர் பட்டையின் வடிவத்தை மட்டும் பார்த்து என்விஎம்இ வாங்கி வந்தார். ஸ்லாட்டில் அம்சமாகப் பொருந்தியது, திருகும் போட்டாயிற்று. அவருடைய ஸ்லாட் சாட்டா மட்டுமே அறிந்தது. லேப்டாப் கடைசிவரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.